இரட்டித்து ஒன்றைக் கூட்டு: பகா எண் சங்கிலிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் கணித வகுப்பில் பிள்ளைகளும் அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோரும் கேட்கிற கேள்விகள் இவை. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டுவந்து குடியேறிய தாமான்களிலிருந்தும் (குடியிருப்புப் பகுதிகள்) வருகிறவர்கள்தான் பெரும்பாலும். வாய்ப்பாடும், வகுத்து மீதம் பார்க்கவும் தெரிந்தால் இதில் முக்கால்வாசி புரியும். ஓரிரு இடங்களில் மட்டும் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டியிருக்கும்.

பகா எண் சங்கிலி என்றால் என்ன?

ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரட்டித்து ஒன்றைக் கூட்டுங்கள். வருகிற விடையும் பகா எண்ணாக இருந்தால், அதையும் அப்படியே செய்யுங்கள். பகா எண் அல்லாத ஒன்று வரும் வரை தொடருங்கள்.

2-இல் தொடங்கினால் 2, 5, 11, 23, 47 என்று போகும். அடுத்தது 95. அது 5 × 19. அங்கே சங்கிலி அறுந்துவிட்டது. ஐந்து எண்கள் கிடைத்தன, ஆகவே அதன் நீளம் 5.

ஆண்டு 4, 5 பிள்ளைகளுக்கு இது எண் தோரணிதான். விதி ஒரே வரி: 2ப + 1 (ப என்பது கையில் உள்ள பகா எண்). அந்த ஒரே வரிக்குள் இவ்வளவு இருக்கிறதா என்பதுதான் கீழே வருகிற எல்லாமே.

பகா எண் எது என்பதே பிள்ளைக்குக் குழப்பமாக இருக்கிறதே?

செம்பனை நாற்றுமேட்டில் கன்றுப் பைகளை அடுக்குவதை நினைத்துப் பாருங்கள். 12 பைகள் இருந்தால் 3 வரிசை, வரிசைக்கு 4 என்று செவ்வகமாக அடுக்கலாம். 13 பைகளை அப்படி அடுக்க முடியாது. ஒரே நீள வரிசையாகத்தான் வைக்க முடியும். 13 பகா எண், 12 பகு எண். 1 இரண்டிலும் சேராது. 1-ஐப் பகா எண் என்று வைத்தால் ஓர் எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக எழுதுவதற்கு எண்ணற்ற வழிகள் வந்துவிடும், அதனால் விலக்கி வைத்திருக்கிறார்கள்.

2-இல் தொடங்கினால் ஐந்து. அதைவிட நீளமாகப் போகுமா?

போகும். 89-ஐ எடுங்கள்: 89, 179, 359, 719, 1439, 2879. ஆறும் பகா எண்கள். ஏழாவதாக 5759 வரும், அது 13 × 443. நீளம் 6 உள்ள சங்கிலிகளில் மிகச் சிறிய தொடக்க எண் இந்த 89-தான்.

ஏழு வேண்டுமென்றால் 1122659 வரை நடக்க வேண்டும். 89-இலிருந்து பதினொரு இலட்சத்துக்கு ஒரே தாவல். எட்டுக்கு 19099919. ஒன்பதுக்கு 85864769. பத்துக்கு 26089808579, அதாவது இரண்டாயிரத்து அறுநூறு கோடிக்கும் மேல். இப்படித் தாவித் தாவிப் போவதைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வியே அடுத்தது. கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

89-க்கு மட்டும் என்ன விசேஷம்? மற்ற எண்கள் ஏன் சீக்கிரம் அறுந்து போகின்றன?

சங்கிலியின் எல்லா எண்களோடும் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள்.

89, 179, 359, 719, 1439, 2879 என்பது
90, 180, 360, 720, 1440, 2880 என்று ஆகும்.

வெறும் இரட்டிப்பு! "இரட்டித்து ஒன்றைக் கூட்டு" என்ற விதி, ஒன்றைக் கூட்டிய பிறகு பார்த்தால் "இரட்டி" என்று சுருங்கிவிடுகிறது. என் அனுபவத்தில், இந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதியதும் ஒரு வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்காரும். எட்டு வயதிலும் புரியும், நாற்பது வயதிலும் மறக்காது.

இனி 90-ஐப் பிரியுங்கள்: 2 × 3 × 3 × 5. 90 என்பது 3-இன் மடங்கு. அதை இரட்டித்தால் வரும் 180, 360, 720 எல்லாமே 3-இன் மடங்குகள். 3-இன் மடங்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பதை 3 வகுக்காது. ஆகவே இந்தச் சங்கிலியை 3 எந்தக் காலத்திலும் அறுக்க முடியாது. அதே காரணத்தால் 2-ஆலும் 5-ஆலும் முடியாது. மூன்று பெரிய எதிரிகள் முதல் அடியிலேயே போய்விட்டார்கள்.

அப்புறம் 7. 90-ஐ 7-ஆல் வகுத்தால் மீதம் 6. இரட்டிக்க இரட்டிக்க மீதம் 6, 5, 3, மறுபடியும் 6, 5, 3 என்று சுற்றிச் சுற்றி வரும். 7 நம் சங்கிலியை அறுக்க வேண்டுமானால் மீதம் 1 வர வேண்டும், அப்போதுதான் ஒன்றைக் கழித்ததும் 7-ஆல் வகுபடும். 6, 5, 3-இல் 1 இல்லை. ஆகவே 7-உம் தொட முடியாது. 17-க்கும் இப்படியே: 5, 10, 3, 6, 12, 7, 14, 11 என்று சுற்றும், 1 வருவதே இல்லை.

11-க்கு மீதம் 2, 4, 8, 5, 10, 9, 7, 3, 6, 1. பத்தாவது எண்ணில்தான் பிடிக்கும். 13-க்கு 12, 11, 9, 5, 10, 7, 1. ஏழாவது இடத்தில் 1 வந்துவிட்டது. அதனால்தான் ஏழாவது எண்ணான 5759, 13-ஆல் வகுபடுகிறது. எங்கே அறும், எதனால் அறும் என்பதை 5759-ஐக் கணக்கிடாமலேயே சொல்லிவிட்டோம்.

கடைசி இலக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. கடைசி இலக்கம் 1 என்றால் அடுத்தது 3, அதற்கடுத்தது 7, அதற்கடுத்தது 5. 5-இல் முடிந்தால் அது 5-ஆல் வகுபடும், கதை முடிந்தது. 9 மட்டும் 9-ஆகவே இருக்கும். ஆகவே நீளச் சங்கிலி வேண்டுமென்றால் 9-இல் முடிகிற எண்ணில் தொடங்க வேண்டும். 2, 5, 11, 23, 47 தப்பித்ததற்குக் காரணம் 2-உம் 5-உம் தாங்களே பகா எண்களாக உள்ளே இருப்பதுதான்.

3-ஐயும் சேர்த்துப் பார்த்தால், தொடக்க எண் 30-இன் மடங்குக்கு ஒன்று குறைவாக இருக்க வேண்டும்: 29, 59, 89 என்று. ஆனால் அப்படி இருந்தால் போதாது. 29-இல் தொடங்கினால் 59, பிறகு 119 = 7 × 17. அதோடு சரி. 449-இல் தொடங்கினால் அடுத்த எண்ணே 899 = 29 × 31. 509 நன்றாகப் போகும்: 509, 1019, 2039, 4079, பிறகு 8159 = 41 × 199.

பத்து எண் நீளமுள்ள சங்கிலிக்கு 11-ஐயும் விலக்க வேண்டும். மேலே பார்த்தீர்களே, இரட்டிக்கும்போது 11-இன் மீதங்கள் பத்து அடிக்குள் 1 முதல் 10 வரை எல்லாவற்றையும் தொட்டுவிடும். தப்பிக்க ஒரே வழி, தொடக்கத்திலேயே மீதம் 0 ஆக இருப்பது. 26089808579-உடன் ஒன்றைக் கூட்டினால் 26089808580. அதை 330-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 79060026 வரும். முப்பதும் பதினொன்றும் உள்ளே ஒளிந்திருக்கின்றன.

முடிவே இல்லாமல் போகும் சங்கிலி இருக்குமா?

இருக்காது. இது நிரூபிக்கப்பட்டது, நிரூபணமும் சிறியது.

பிரான்ஸ் நாட்டின் ஃபெர்மா 1640-இல் ஒரு கடிதத்தில் எழுதிய உண்மை இது: ப என்பது 2 அல்லாத பகா எண் என்றால், 2-ஐ (ப − 1) முறை பெருக்கி ப-ஆல் வகுத்தால் மீதம் 1. சோதித்துப் பாருங்கள்: 5-க்கு 2 × 2 × 2 × 2 = 16, மீதம் 1. 7-க்கு 64, மீதம் 1.

இப்போது ப-இல் தொடங்கும் சங்கிலியின் ப-ஆவது எண்ணைப் பாருங்கள். ஒன்றைக் கூட்டிய வடிவத்தில் அது (ப + 1)-ஐ (ப − 1) முறை இரட்டித்தது. (ப + 1)-ஐ ப-ஆல் வகுத்தால் மீதம் 1. இரட்டிப்புகளின் மீதமும் 1. பெருக்கினாலும் 1. ஒன்றைக் கழித்தால் 0. ஆகவே ப-ஆவது எண் ப-ஆல் வகுபடும், பகா எண்ணாக இருக்க முடியாது. தொடக்க எண்ணே தன் சங்கிலியை ஒரு நாள் அறுத்துவிடும்.

5-இல் தொடங்கினால் 5, 11, 23, 47, 95. ஐந்தாவது எண் 5-ஆல் வகுபடுகிறது பாருங்கள். சொன்ன இடத்தில், சொன்னபடி. 89-க்கு இன்னும் சீக்கிரம் நடந்திருக்கும். 2047 = 23 × 89 என்பதால், 2-ஐப் பதினொரு முறை பெருக்கினாலே மீதம் 1 வந்துவிடும். அந்தச் சங்கிலி 13-இடம் தப்பியிருந்தாலும் பன்னிரண்டாவது எண்ணான 184319-இல் 89-இடம் மாட்டியிருக்கும்.

ஒன்றைக் கூட்டுவதற்குப் பதில் கழித்தால்?

அதுவும் அழகான சங்கிலி, இரண்டாம் வகை என்பார்கள். 19, 37, 73, பிறகு 145. நீளமானது வேண்டுமென்றால் 1531, 3061, 6121, 12241, 24481. இங்கே எல்லாவற்றிலிருந்தும் ஒன்றைக் கழித்தால் இரட்டிப்பு தெரியும்: 1530, 3060, 6120... கடைசி இலக்கம் 1-ஆக இருந்தால் நீண்டு போகும். 16651-இல் தொடங்கினால் ஏழு எண்கள் கிடைக்கும். முதல் வகையில் ஏழுக்குப் பதினொரு இலட்சம் தாண்ட வேண்டியிருந்தது, இங்கே பதினேழாயிரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

வேறு சூத்திரங்களை நாமே உண்டாக்கலாமா?

தாராளமாக. இதை நான் வற்புறுத்தியே சொல்வேன், ஏனென்றால் புத்தகத்தில் உள்ளதைச் சரிபார்ப்பதைவிடத் தானே விதி போட்டுப் பார்க்கிற பிள்ளைதான் கணிதத்துக்குள் உண்மையாக நுழைகிறது.

முதலில் உருப்படாத விதிகளை விலக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். 3ப + 1 என்று வைத்தால் ஒற்றைப்படை எண்ணிலிருந்து உடனே இரட்டைப்படை வந்துவிடும், பயனில்லை. 4ப + 1 பார்க்க நன்றாக இருக்கும்: 3, 13, 53. ஆனால் 213 = 3 × 71. மற்ற எண்களில் தொடங்கினால் இந்த அளவுகூடப் போகாது. காரணம் இதுதான்: 4-ஐ 3-ஆல் வகுத்தால் மீதம் 1, ஆகவே ஒவ்வோர் அடியிலும் மீதம் ஒன்று கூடிக்கொண்டே போகும். அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று 3-இன் மடங்காகியே தீரும்.

இனி நல்ல விதி ஒன்று. 2ப + 3 என்று வைத்து 47-இல் தொடங்குங்கள்: 47, 97, 197, 397, 797, 1597. ஆறும் பகா எண்கள். இதில் ஒன்றுக்குப் பதிலாக 3-ஐக் கூட்டிப் பாருங்கள்: 50, 100, 200, 400, 800, 1600. ஐம்பது வெள்ளி, நூறு வெள்ளி என்று கையில் புழங்குகிற எண்கள். ஒவ்வொன்றிலும் மூன்று குறைத்தால் பகா எண் சங்கிலி! அடுத்தது 3200 − 3 = 3197 = 23 × 139. எந்த விதியிலும் இப்படி இரட்டிப்பாகத் தெரியவைக்கிற எண் ஒன்று இருக்கும். 2ப + 1-க்கு அது 1, 2ப + 3-க்கு 3.

ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால்?

7, 37, 67, 97, 127, 157 என்று முப்பது முப்பதாகக் கூட்டினால் ஆறு பகா எண்கள் வரும். அடுத்தது 187 = 11 × 17. 199-இல் தொடங்கி 210 கூட்டினால் 2089 வரை பத்து. இந்த வகையில் எவ்வளவு நீளம் கேட்டாலும் அவ்வளவு நீளத்துக்கு ஒரு தொடர் இருக்கிறது என்பதை பென் கிரீன், டெரன்ஸ் டாவ் இருவரும் 2004-இல் நிரூபித்தார்கள். இரட்டிப்புச் சங்கிலிக்கு அப்படி ஒரு நிரூபணம் இன்னும் இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் யார்?

இரட்டிப்புச் சங்கிலிகளுக்குக் கன்னிங்ஹாம் சங்கிலி என்று பெயர். ஆலன் கன்னிங்ஹாம் 1842-இல் டில்லியில் பிறந்த ஆங்கிலேயர். இராணுவப் பொறியாளர், ரூர்க்கி பொறியியல் கல்லூரியில் கற்பித்தவர். ஓய்வுக்குப் பிறகு பெரிய எண்களின் காரணிகளைத் தேடுவதிலேயே ஈடுபட்டார். கணினி இல்லாத காலம், எல்லாம் கையால்.

ஆனால் ப, 2ப + 1 என்ற முதல் கண்ணிக்கு அவருக்கு முன்பே ஒரு சொந்தக்காரி உண்டு. சோபி ஜெர்மெய்ன், 1776-இல் பாரிசில் பிறந்தவர். 1794-இல் அங்கே தொடங்கிய பொறியியல் கல்லூரி பெண்களைச் சேர்க்கவில்லை. பாடக் குறிப்புகளை வாங்கிப் படித்து, லெப்லாங் என்ற ஆண் பெயரில் எழுதி அனுப்பினார். காஸ் என்ற பெரும் கணித மேதைக்கும் அதே பெயரில்தான் கடிதம் எழுதினார். ஃபெர்மாவின் புகழ்பெற்ற கடைசித் தேற்றத்தை (அடுக்கு 2-ஐவிடப் பெரிதானால் aⁿ + bⁿ = cⁿ ஆகும் நேர் முழு எண்கள் கிடையாது என்பது) அடுக்கில் ஒவ்வொரு பகா எண்ணாகப் பார்க்காமல் ஒரு கூட்டத்துக்கே சேர்த்து அணுகியவர் அவர். ப-உம் 2ப + 1-உம் பகா எண்களாக இருந்தால் அந்தத் தேற்றத்தின் முதல் பகுதி ப-க்கு உண்மை என்று காட்டினார். அதனால் 2, 3, 5, 11, 23, 29 போன்ற எண்களுக்கு ஜெர்மெய்ன் பகா எண்கள் என்று பெயர் வந்தது. எங்கள் வகுப்புக்கு வரும் பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை மட்டும் நான் தவறாமல் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இதுவரை கிடைத்ததில் மிக நீளமானது எது?

2014-இல் போலந்துக் கணிதவியலாளர் யாரோஸ்வாவ் உரூப்லெவ்ஸ்கி 19 எண்கள் கொண்ட சங்கிலியைக் கண்டுபிடித்தார். நீளம் ஒரு பக்கம், எண்ணின் பருமன் இன்னொரு பக்கம். 2016-இல் பிரைம்கிரிட் என்ற திட்டத்தில் தன்னார்வலர்களின் கணினிகள் சேர்ந்து 388342 இலக்கங்கள் உள்ள ஒரு ஜெர்மெய்ன் பகா எண்ணைக் கண்டன. அந்த எண்ணை எழுதவே ஒரு தடித்த புத்தகம் வேண்டும்.

இதனால் என்ன பயன்? என் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?

செம்பனைக் காட்டில் வேலை முடித்து மகளைக் கூட்டிப்போக வந்த ஒரு அப்பா இதைக் கேட்டார். நியாயமான கேள்வி.

1976-இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் ஒரு முறையை வெளியிட்டார்கள். முன்பின் அறியாத இரண்டு கணினிகள், எல்லோரும் கேட்கிற இடத்தில் பேசிக்கொண்டே, மற்றவருக்குத் தெரியாத ஓர் இரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்ளும் முறை அது. அதற்கு ஒரு பெரிய பகா எண் வேண்டும். அந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது சின்னச் சின்னக் காரணிகளாக உடையக் கூடாது. உடைந்தால் திருடன் கணக்கைத் துண்டு துண்டாக்கி விடை கண்டுவிடுவான். 2ப + 1 வடிவில் உள்ள பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 2ப. அதன் காரணிகள் 2-உம், மாபெரும் பகா எண்ணான ப-உம் மட்டும். அதனால் இவற்றுக்குப் பாதுகாப்புப் பகா எண்கள் என்றே பெயர். இணையத்தில் இந்த முறைக்கென்று நிர்ணயித்து வைத்திருக்கும் எண்கள் பல இந்த வகைதான். 2013-இல் வந்த பிரைம்காயின் என்ற மின்னணு நாணயம் இந்தச் சங்கிலிகளைத் தேடுவதையே புதிய நாணயங்களை ஈட்டும் ‘சுரங்க வேலை’யாக வைத்தது.

வேலை கிடைக்குமா என்றால், இந்தச் சங்கிலிக்காக யாரும் சம்பளம் தர மாட்டார்கள். மீதங்களை வைத்து யோசிக்கப் பழகிய பிள்ளை கணினித் துறைக்குப் போனால் அங்கே அந்நியமாக உணராது, அதை நிச்சயமாகச் சொல்வேன்.

எஸ்பிஎம் தேர்வில் (இடைநிலைப் பள்ளி முடிவுத் தேர்வு) வருமா?

சங்கிலியாக வராது. பகா எண், காரணி, மடங்கு, தோரணி எல்லாம் பாடத்தில் உள்ளவைதான்.

கைப்பேசியில் கணக்கிடலாமா?

பெருக்கவும் வகுக்கவும் பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் எதனால் வகுத்துப் பார்ப்பது என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும். 2879 பகா எண்ணா என்று பார்க்க 53 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், ஏனென்றால் 54 × 54 = 2916, அது 2879-ஐத் தாண்டிவிடுகிறது. 1122659-க்கு 1059 வரையுள்ள 177 பகா எண்களால் வகுக்க வேண்டும். முதலில் ஒன்றைக் கூட்டி மீதங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டால், தொடவே முடியாத எண்களை விட்டுவிடலாம். வேலை நிறையக் குறையும்.

யாருக்கும் தெரியாதது ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

முதல் படியிலேயே இருக்கிறது. ப-உம் 2ப + 1-உம் பகா எண்களாக வரும் ஜோடிகள் முடிவில்லாமல் உண்டா? உண்டு என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். 1904-இல் லெனர்ட் டிக்சன் முன்வைத்த ஊகம் உண்மையானால், இந்த ஜோடிகள் மட்டுமல்ல, எந்த நீளத்துச் சங்கிலியும் எண்ணற்ற முறை வரும். நூறு கண்ணி, ஆயிரம் கண்ணி எல்லாம் எங்கோ இருக்கும். ஆனால் இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஆண்டு 5 பிள்ளைக்குக் கேள்வி புரிகிறது, உலகத்தில் ஒருவருக்கும் விடை தெரியாது. அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரே வகுப்பில் ஒரு பிள்ளையைக் கூட்டிப்போக முடிகிறது என்பதற்காகவே நான் இந்தப் பாடத்தை விடாமல் நடத்துகிறேன்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று கொடுங்கள்.

விதி 2ப + 5. தொடக்கம் 13. சங்கிலி எங்கே அறுகிறது என்று கண்டுபிடியுங்கள். பிறகு எந்த எண்ணைக் கூட்டினால் இரட்டிப்பு தெரிகிறது என்று பார்த்து, 7 ஏன் இந்தச் சங்கிலியைத் தொடவே முடியாது என்பதை மீதங்களை எழுதிக் காட்டுங்கள். விடையைவிட அந்த மீத வரிசையைத்தான் அடுத்த சனிக்கிழமை நான் முதலில் பார்ப்பேன்.